இடப்பக்கம் வானம், வலப்பக்கம் தரை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு "சரி"யிலிருந்து வந்தது. அதைச் சொன்னது நான்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம். துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வாசலில் குனிந்து ஷூ மாட்டியபடியே கேட்டார்.

"மாமாவோட ஸ்க்ரீனைப் பாத்துட்டு வந்துடறேன். அப்படியே நம்ம விஷயத்தையும் சொல்லிடவா?"

நம்ம விஷயம் என்றால், நாங்கள் இருவரும் பிரிந்துவிடுவது என்று இரண்டு வாரத்துக்கு முன்பு எடுத்த முடிவு. அவரவர் வீட்டில் அவரவர் சொல்லிக்கொள்வது என்பது பேச்சு. அவர் மறுநாளே தன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நான் தினமும் அப்பாவின் எண்ணை எடுத்துப் பார்ப்பேன். பிறகு போனை வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அந்த இரண்டு வாரத்தில் ஒரு செடி அழுகியே போனது.

"சரி" என்றேன். கையில் இருந்தது அவருடைய சட்டை. அதையும் மடித்து வைத்தேன்.

(இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் உண்மையா என்று யோசித்துப் பார்த்தேன். கையில் இருந்தது தலையணை உறையாகவும் இருக்கலாம். சட்டை என்றால் நன்றாக இருக்கிறது என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.)

ஆக, அப்பாவுக்கு விஷயம் சொல்லப்பட்ட அறையில் நான் இல்லை. நான் இல்லாத அறையைப் பற்றி எழுதப் போகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "அப்பா முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். மேலும் கீழும் தவிர வேறு திசை அறியாத அந்த மனிதர் ஓய்வு பெற்றதும்—"

நிறுத்திவிட்டேன். இப்படிச் சாமர்த்தியமாக எழுதினால் அப்பா படித்துவிட்டு, "அப்ப பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கால நடந்து போனதெல்லாம் யாரு?" என்று கேட்பார்.

இரண்டாவது: "இடப்பக்கம் வானமும் வலப்பக்கம் தரையுமாக ஒரு விமானம் ஓடுதளத்தில்—"

இது பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் மனிதர்களே இல்லை.

மூன்றாவதில் ஜோடனை ஒன்றும் இல்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு, கல்யாணத்துக்கு முன்பு நான் இருந்த அறையில் ஒரு விமானி அறையைக் கட்டினார். பத்தடிக்குப் பதினோரு அடி அறை. கம்ப்யூட்டரில் ஓடுகிற விமான விளையாட்டுதான். ஆனால் அவர் எதிரில் விளையாட்டு என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு இருக்கைகள். அவற்றுக்கு எதிரே ப்ளைவுட்டில் அறுத்து, சாம்பல் வண்ணம் பூசிய பலகை. அதற்கு மேலே மூன்று பெரிய திரைகள், நடுவில் ஒன்றும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றுமாக. அவைதான் விமானத்தின் கண்ணாடிகள். வானமும் தரையும் அவற்றில்தான் தெரியும். பலகைக்குள் நாலாவதாக ஒரு சின்னத் திரை. வேகம், உயரம் காட்டும் மீட்டர்கள் அதில். பலகையில் இடம் பற்றாததால் இந்தச் சின்னத் திரையை மட்டும் அப்பா நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தார். கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனது.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் கம்ப்யூட்டரைப் போட்டதும் நடுத்திரை தொண்ணூறு டிகிரி புரண்டு கிடந்தது. வானம் இடப்பக்கம், தரை வலப்பக்கம். சின்னத் திரையிலோ மீட்டர்கள் எல்லாம் படுத்துக்கொண்டிருந்தன.

ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை காலை என் கணவருக்குப் போன் செய்தார். மகளுக்குச் செய்யவில்லை, அதில் நியாயம் உண்டு. என் கணவருக்கு வேலையே திரை மாட்டுவதுதான். மருந்துக்கடை, தியேட்டர் வாசல், ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் காட்டும் திரை எல்லாம் அவர் கை பட்டவை.

"மாப்பிள்ளை, வானம் சாஞ்சு கெடக்கு. கொஞ்சம் வந்து நிமித்தி விடுங்க" என்றாராம் அப்பா.

3

இனி வருவது என் கணவர் சொன்னது. அவர் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. "ஸ்க்ரீன் நேராத்தான் இருக்கு சார், உங்க சுவருதான் கோணல்" என்று கடைக்காரர்களின் முகத்துக்கு நேரே சொல்லி இரண்டு வேலைகளை இழந்தவர்.

அப்பா தானே சரிசெய்யப் பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டரில் ஒரு திரையைத் திருப்பச் சொன்னால், அது திருப்பிக் காட்டிவிட்டு, இப்படியே இருக்கட்டுமா என்று ஒரு கேள்வி கேட்கும். பதினைந்து விநாடிக்குள் ஆமாம் என்று அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் பழைய நிலைக்கே போய்விடும். சிக்கல் என்னவென்றால், அப்பா நடுத்திரையை நிமிர்த்தினால் கேள்வி சின்னத் திரையில் வந்தது. அது இன்னும் படுத்துக் கிடந்தது. அதில் மவுஸை மேலே தள்ளினால் அம்பு பக்கவாட்டில் ஓடும். பக்கவாட்டில் தள்ளினால் கீழே இறங்கும். ஒரு நாள் முழுக்க அப்பா அந்தப் பொத்தானைத் துரத்தியிருக்கிறார்.

"ஒரு தடவை தொட்டே தொட்டுட்டேன் மாப்பிள்ளை. மூணு விநாடி பாக்கி இருந்துச்சு. கை வழுக்கிடுச்சு."

"மவுஸை விடுங்க மாமா. கீபோர்டுலயே பண்ணிடலாம்."

கீபோர்டில் நாலு தட்டு தட்டி நடுத்திரையை நிமிர்த்தினார். பிறகு சின்னத் திரையை. மீட்டர்கள் எழுந்து நின்றன, ஆனால் தலைகீழாக. நெட்டுக்குத்தாக நிறுத்துவதில் இரண்டு வகை உண்டு. அப்பா மாட்டும்போது கம்பிச் சொருகி மரச்சட்டத்தில் இடித்ததால் திரையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தார். அதை அவரே மறந்துபோயிருந்தார். இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் சரியானது.

அப்பா கைதட்டினார். என் கணவர் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். வானம் மறுபடி சாய்ந்தது.

"பாத்தீங்களா? நோய் வேற எங்கயோ இருக்கு" என்றாராம் என் கணவர்.

நோய் பலகைக்குப் பின்னால் இருந்தது. சின்னத் திரையின் கம்பி நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகாமல், நடுவில் ஒரு விரல் நீள அடாப்டரில் நுழைந்து போனது. அது லூசாகியிருந்தது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தன் திரைகளை எண்ணும். அந்த நேரத்தில் சின்னத் திரை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. வகுப்பில் ஒருவன் தாமதமாக வர, அவன் எண்ணுக்கு அடுத்தவன் "உள்ளேன் ஐயா" சொல்லிவிடுவது போல, சின்னத் திரைக்கு உரிய கட்டளை நடுத்திரைக்குப் போய்விடும். நெட்டுக்குத்தாக நில் என்ற கட்டளை. நடுத்திரையும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

(இந்தப் பத்தி நீளம் என்று எனக்கும் தெரிகிறது. அடுத்த பகுதிக்குப் போகத் தயங்குகிறேன், அவ்வளவுதான்.)

4

என் கணவர் விஷயத்தைச் சொன்ன இடத்தை நான் முதலில் இப்படி எழுதினேன்:

திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. பதினைந்து, பதினாலு, பதிமூன்று. "மாமா, நாங்க பிரிஞ்சுடலாம்னு இருக்கோம்" என்றார் அவர். இப்படியே இருக்கட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் விரல்—

வேண்டாம். இது முழுக்க என் சரக்கு. கேள்வியும் பொருத்தம், விநாடியும் பொருத்தம், அதனாலேயே பொய். கிடக்கட்டும், நான் அடித்துவிட்டதும்கூட உங்கள் கண்ணில் படட்டும்.

நடந்தது என்று அவர் சொன்னது வேறு. அடாப்டரைக் கழற்ற இருவரும் பலகைக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்கள், தோளோடு தோள் உரச, கால்கள் கதவுக்கு வெளியே நீண்டிருக்க. அப்பாவின் கையில் ஸ்க்ரூ டிரைவர், அவர் கையில் டார்ச்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

அப்பா சொன்னாராம்: "டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன? காட்டினேன்."

அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் கணவர் தன் பையிலிருந்த நேர்க் கம்பியைப் போட்டிருக்கிறார். நாலு கம்பிகளுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கிறார். ஆறு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஆறு முறையும் வானம் மேலேயே இருந்தது. அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

5

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பாவே போன் செய்தார். இதை நான் காதால் கேட்டேன், ஆகவே பிறழாமல் தருகிறேன்.

"மாப்பிள்ளை வந்தாரும்மா. சரி பண்ணிட்டுப் போயிட்டாரு. கெட்டிக்காரரு."

"வேற ஏதாவது சொன்னாராப்பா?"

"வேற என்ன சொல்லணும்?"

நான் வாயைத் திறந்தேன். "இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று அது சொன்னது.

"சரி, வெச்சிடறேன்" என்றார் அப்பா. ஆனால் உடனே வைக்கவில்லை. அவர் மூச்சு கேட்டது. ஒரு எட்டு, பத்து விநாடி இருக்கும். பிறகு வைத்தார்.

6

இந்த இடத்தில் நாங்கள் ஏன் பிரிகிறோம் என்று ஒரு பகுதி இருந்தது. எடுத்துவிட்டேன். மூன்று பக்கம். படித்தால் என் பக்கம்தான் நியாயம் இருப்பது போல் தெரிந்தது. எழுதுகிறவள் நான் என்பதால் அப்படி. ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவைக்கிறேன்: கடைசி இரண்டு வருடம் நாங்கள் சண்டைகூடப் போடவில்லை.

குழந்தை இல்லை. அதுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். நினைப்பீர்கள்.

7

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் இந்தக் கதையில் யார் பொய் சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சொல்லவே இல்லையா? சொல்ல வாய் வராமல், சொன்னதாக என்னிடம் சொன்னாரா? மனிதர் அப்படி இல்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பு, நான் அப்பாவிடம் சொல்லாமல் ஒளிந்துகொள்வேன் என்றால் அவரும் நம்பியிருக்க மாட்டார். இல்லை, அப்பாவுக்குக் கேட்கவில்லையா? அவர் தலையில் எப்போதும் ஒரு ஹெட்போன் இருக்கும். அதில் விமான எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும்.

ஹெட்போன் எனக்கு வசதியாக இருந்தது. அதை வைத்து ஒரு பகுதி எழுதினேன். யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவில்லை, எல்லாரும் நல்லவர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே—

அம்மாவின் போன் வந்தது. புதன்கிழமை காலை பத்தரை மணி.

"உங்கப்பா என்ன பண்றாருன்னு தெரியுமா? நேத்துலேர்ந்து எல்லாத்தையும் கழட்டிக்கிட்டு இருக்காரு."

"எதைக் கழட்டறாரு?"

"ஏரோப்ளேனைத்தான். கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாரு. நீ வந்து கேளு."

ஹெட்போன் பகுதியை அழித்தேன். படுத்துக்கொண்டு போட்டிருந்தால் அது நழுவியிருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

8

அறை வாசலில் பக்கத் திரைகள் இரண்டும் மெத்தைமேல் முகம் குப்புறக் கிடந்தன. பலகையின் பாதி சுவரில் சாத்தியிருந்தது. கம்பிகள் ஒரு வாளிக்குள். அப்பா தரையில் உட்கார்ந்து இடது இருக்கையின் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூக்களைப் பழைய பிஸ்கட் டப்பாவில் அளவு வாரியாகப் பிரித்து வைத்திருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ரூமைக் காலி பண்றேன்."

"எதுக்கு?"

"ரூமுன்னா எதுக்கு? ஆளு இருக்கத்தான்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வலது இருக்கை இன்னும் கழற்றப்படாமல் இருந்தது. போய் அதில் உட்கார்ந்தேன். இந்த இரண்டு வருடத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. என் கால் தரைக்கு எட்டவில்லை. அது யாருக்காக அளவெடுத்துப் போட்டது என்று தெரிந்தது. என் கணவர் உயரமானவர்.

நான் சொல்லத் தொடங்குவதற்குள் அப்பா இரண்டு போல்ட் கழற்றியிருந்தார்.

"அப்பா, நானும் அவரும் பிரியறோம்."

அப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார். "ம்."

"அவரு உங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப நான் கேட்டப்ப வேற என்ன சொல்லணும்னீங்க?"

"சொன்னாரு. நான் காதுல வாங்கிக்கல." மேல்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "என் பொண்ணு விஷயத்தை என் பொண்ணு சொல்லாம வேற யாரு சொன்னாலும் அது ஊர்ப்பேச்சு. மாப்பிள்ளையே சொன்னாலும் ஊர்ப்பேச்சுதான். போன்ல காத்துக்கிட்டே இருந்தேன், நீயா சொல்லுவேன்னு. நீ சும்மாதான் கேட்டேன்னுட்ட."

நான் அழுதேனா என்று கேட்பீர்கள். இந்தக் கதையை ஒட்டாமல், தள்ளி நின்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனாலும் அழுதேன். அப்பா கைக்கு எட்டிய துணியை எடுத்துக் கொடுத்தார். அது திரை துடைக்கிற துணி. மருந்து வாடை அடித்தது.

"நான் இங்க வரலைப்பா" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"என்னது?"

"நான் அந்த வீட்டுலயேதான் இருக்கப் போறேன். அவருதான் ஆபீஸ் பக்கத்துல வேற வீடு பாத்திருக்காரு."

அப்பா பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். சுவரில் சாத்தியிருந்த பாதிப் பலகையைப் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? முன்னூத்துச் சொச்சம் ஸ்க்ரூ கழட்டியிருக்கேன்!"

அம்மா வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவருக்கும் சனிக்கிழமையே தெரியும் என்பது அவர் முகத்தில் இருந்தது. "நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழட்டுங்கன்னு. கேட்டாத்தானே?"

முதலில் சிரித்தது யார் என்பதில் மூன்று பேருக்கும் மூன்று கருத்து. அதை எழுதவில்லை.

9

அன்றும் மறுநாளும் நான் விடுப்பு எடுத்தேன். அப்பா சொல்ல, நான் ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தேன். பலகை நின்றது, இருக்கை நின்றது, திரைகள் ஏறின. கம்பிகளில்தான் வம்பு. கழற்றும்போது, சுத்தமாக இருக்கட்டும் என்று அப்பா அந்த எண் சீட்டுகளை உரித்துப் போட்டிருந்தார். தோன்றியபடி சொருகிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டோம். நடுத்திரை இடப்பக்கம் புரண்டது. இடது திரை தலைகீழாகத் தொங்கியது. சின்னத் திரையில் ஒன்றுமே வரவில்லை.

"கீபோர்டுல என்னவோ தட்டினாரே. என்ன தட்டினாருன்னு பாக்காம விட்டுட்டேன்" என்றார் அப்பா. போனை எடுத்தார். எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இனிமே அவரை என்னன்னு கூப்பிடறது?"

சொற்களோடு மாரடிக்கிறவள் நான். பிஸ்கட் டப்பாவை மூடி வைத்தேன்.

அப்பா பச்சைப் பொத்தானை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க" என்றது என் கணவரின் குரல். சொல்லுங்க மாமா என்றுதான் ஒன்பது வருடமாக வரும். வரவில்லை. அவரும் அந்த இடத்தில் தட்டுத் தடுமாறி நின்றிருக்க வேண்டும்.

"நான்தான்."

"தெரியுது, தெரியுது."

"எடது ஸ்க்ரீன் தலைகீழா தொங்குது. சின்னது எழுந்திருக்கவே மாட்டேங்குது."

"சனிக்கிழமை நல்லாத்தானே இருந்துச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார். "கழட்டி மாட்டினேன்."

"எதுக்கு?"

"சும்மா. தூசு தட்ட."

"நம்பர் ஒட்டியிருந்தேனே?"

"பிஞ்சு போச்சு."

"சரி, எதையும் தொடாதீங்க. நாளன்னைக்கு வரேன்."

"வாங்க. சாப்பிடற மாதிரியே வாங்க."

பிறகு அடாப்டர், கம்பியின் நீளம், புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று ஏழு நிமிடம் பேசினார்கள். அந்த ஏழு நிமிடத்தில் ஒருவரை ஒருவர் ஒரு முறைகூட எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தமிழில் அது எவ்வளவு கடினம் என்று வேண்டுமானால் நீங்களும் முயன்று பாருங்கள். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

10

இதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். என் கணவர் நாளைக்குத்தான் வருகிறார், ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் தருவேனா என்பது சந்தேகம்.

போனில் சமாளித்துவிடலாம். வாசலில் ஆள் வந்து நின்றால், அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த வார்த்தைக்குச் சில சொற்களை எழுதி எழுதிப் பார்த்தேன். பழைய சொல் இனி அவருக்குச் செல்லாது. "தம்பி" என்றால் தெருவில் வழி கேட்பவர் போல இருக்கிறது. "சார்" என்றால் சண்டை போல. அப்பா அவரைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. இனிமேல் தொடங்கினால் நாக்கு ஒத்துழைக்காது. "என் பொண்ணோட—" என்று தொடங்கும் எதையும் நானே அடித்துவிட்டேன்.

வாக்கியத்தில் மிச்சமெல்லாம் தயாராக இருக்கிறது. அந்த ஒரு இடத்தை மட்டும் கோடு போட்டு விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எந்தச் சொல் பொருந்துமோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மணி அடிக்கும். அப்பா கதவைத் திறப்பார். கையில் கம்பிச் சுருளோடு அவர் நிற்பார். அப்பா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்:

"இந்தா, ____________ வந்திருக்காரு பாரு."